"யாருக்கெல்லாம் பிடிக்கும்?" என்று கேட்டால் எல்லாருக்கும் பிடிக்கும்

ஒரு நாள் சும்மா கேட்டுப் பார்த்தேன்.

"யாருக்கெல்லாம் களிமண் பிடிக்கும்?"

"எனக்கூ!" 22 கை மேலே.

"யாருக்கெல்லாம் பந்து பிடிக்கும்?"

"எனக்கூ!"

"யாருக்கெல்லாம் ஊசி போட்டுக்கப் பிடிக்கும்?"

அதற்கும் "எனக்கூ!" கடைசி வரிசையில் ஒருத்தன் மட்டும் தூக்கிய கையைப் பாதியில் நிறுத்தி, இங்கேயும் அங்கேயும் பார்த்து, மெதுவாக இறக்கினான். முந்தின வாரம்தான் அவனுக்குத் தடுப்பூசி போட்டிருந்தது.

ராஜபாளையம் பக்கம் ஒரு கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். ஊர் வாயில் இன்னும் பால்வாடி டீச்சர்தான். 17 வருசம் ஆகிறது. பிள்ளைகளில் பாதிப் பேருடைய அம்மாக்கள் நூல் மில்லுக்குப் போகிறவர்கள். காலையில் விட்டுவிட்டு ஓடுவார்கள். சாயங்காலம் ஒரு அப்பத்தாவோ சித்தியோ வந்து கூட்டிப் போவார்கள். மாதா மாதம் எடை எழுதுகிறோம், உயரம் எழுதுகிறோம். 2021-லிருந்து போஷன் டிராக்கர் என்ற அரசு ஆப்பில் போனிலும் ஏற்றுகிறோம். (அது சுற்றிக்கொண்டே இருக்கும் நேரத்தில் நாலு பாட்டுச் சொல்லிக் கொடுத்துவிடலாம். சரி, அது வேறு கதை.) ஒரு பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று எழுத மட்டும் எங்கேயும் கட்டம் கிடையாது.

சில வருசத்துக்கு முன்னால் எங்கள் மேற்பார்வையாளர், ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் தனித்தனியாக ரெண்டு வரி எழுதி வைக்கச் சொன்னார். ஒரே மத்தியானத்தில், பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில், 22 பேருக்கும் எழுதி முடித்துவிட்டேன். தினமும் பார்க்கிற பிள்ளைகள், எனக்குத் தெரியாதா என்ற தைரியம். "பாட்டில் ஆர்வம்." "பந்து விளையாட்டில் ஆர்வம்." மில் வாட்ச்மேன் பேரனுக்கு, "வண்ணம் தீட்டுவதில் மிகுந்த ஆர்வம்." அந்த 'மிகுந்த' எழுதியபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அவன் வந்ததும் வராததுமாகக் கிரேயான் பாயில் போய் உட்காருவான். கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டான்.

அம்மாவிடமும் சொன்னேன். அவர் சம்பளம் வந்ததும் பெரிய கலர் பெட்டியும் வரைகிற புத்தகமும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பத்து நாள் கழித்து வந்து, "டீச்சர், நீங்க சொன்னீங்கன்னுதான் வாங்குனேன். தொடவே மாட்டேங்கான்" என்றார். குற்றம் சொல்லவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

மறுநாள் அவனை மட்டும் பார்த்தேன். கிரேயான் பாயில்தான் உட்கார்ந்திருந்தான். கையில் ஒரு பச்சைக் கிரேயான். அரை மணி நேரத்தில் தாளில் விழுந்தது ஒரே ஒரு கோடு, அதுவும் பாதி பாயில். கண் முழுக்க ஜன்னலில். அந்தப் பாய் ஜன்னலுக்குக் கீழே இருந்தது. அங்கே உட்கார்ந்தால் மில் வேன் வருகிற ரோடு தெரியும். பிள்ளை அம்மாவுக்காகக் காத்திருந்தான். நான் 'மிகுந்த ஆர்வம்' என்று எழுதி வைத்திருந்தேன்.

என் அண்ணன் மகள் கோயம்புத்தூரில் சிறப்புக் கல்வி படித்தவள். லீவுக்கு வந்தவளிடம் இதைப் புலம்பினேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அத்தை, நீங்க எல்லாரையும் சேத்து வச்சு வாயைக் கேட்டீங்க. இல்லேன்னா எங்க உக்காந்திருக்கான்னு பாத்தீங்க. தனியா வச்சு கையைக் கேக்கவே இல்லையே."

கையைக் கேட்பது என்றால் என்ன என்று அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். பேச்சு வராத, கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடிக்க, 1992-இல் ஃபிஷர் என்பவரும் கூட இருந்தவர்களும் எழுதி வைத்த முறை. பொருள்களை இரண்டிரண்டாக முன்னால் வைக்க வேண்டும். பிள்ளை எதை எடுக்கிறது என்று குறிக்க வேண்டும். எல்லா ஜோடியும் முடிந்தபிறகு எண்ண வேண்டும். அவ்வளவுதான். நன்றாகப் பேசுகிற பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்டேன். "பேசுற பிள்ளைக்குத்தான் ரொம்பத் தேவை. அது நமக்குப் பிடிச்ச பதிலைச் சொல்லும்" என்றாள்.

அவள் சொன்னதைச் சோதிக்க, பக்கத்து வீட்டு இரண்டரை வயசுக்காரியிடம் கேட்டோம். "பொம்மை வேணுமா, பந்து வேணுமா?" "பந்து." கொஞ்ச நேரம் கழித்து, "பந்து வேணுமா, பொம்மை வேணுமா?" "பொம்மை." "இட்லியா, தோசையா?" "தோசை." "தோசையா, இட்லியா?" "இட்லி." காதில் கடைசியாக விழுந்த சொல்தான் வாயில் வருகிறது. அமெரிக்காவில் 2019-இல் வந்த ஓர் ஆய்வில் இரண்டு வயசை ஒட்டிய பிள்ளைகள் 100-க்கு 85 தடவை கடைசியாகச் சொன்னதையே சொன்னார்களாம். வாயால் சொல்லாமல் கையால் காட்டியபோது அந்தச் சாய்வு இல்லை. நான் அத்தனை வருசமாக "உப்புமாவா, பொங்கலா?" என்று கேட்டு, பொங்கல்தான் பிடிக்கும் போல என்று நினைத்துக்கொண்டிருந்தவள்.

ஸ்டோர் ரூம் வாசலில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்தேன். பிள்ளை சுவரைப் பார்த்து உட்காரும். மற்றவர்கள் அதன் கண்ணில் படக்கூடாது. ஐந்து பொருள் எடுத்துக்கொண்டேன்: மரக்கட்டை, சமையல் சொப்பு, பிசைந்த மாவு, படப்புத்தகம், பந்து. ஐந்தை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 10 ஜோடி. ஒவ்வொரு பொருளும் 4 தடவை வரும். "ஒண்ணு எடுத்துக்கோ" என்று மட்டும் சொல்வேன். எடுத்ததை வைத்து அரை நிமிசம் விளையாட விடுவேன். ஒரு பிள்ளைக்கு எட்டு, ஒன்பது நிமிசம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பேருக்கு மேல் முடியாது.

முதல் வாரம் முழுக்கத் தப்புத்தான் பண்ணினேன்.

பிள்ளை பொருளைப் பார்க்கிறதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்தது. புத்தகத்துப் பக்கம் கை போனால் நான் லேசாகச் சிரிக்கிறேன் என்று ஆயாம்மாதான் வாசலில் நின்று சொன்னார்கள். அதற்குப் பிறகு நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். இரண்டையும் அள்ளுகிற பிள்ளை இருக்கிறது. இரண்டையும் வாங்கி வைத்துவிட்டு மறுபடி நீட்ட வேண்டும். எதையும் எடுக்காவிட்டால் 'எடுக்கவில்லை' என்றே எழுத வேண்டும், நாமாக ஒன்றைக் கையில் திணிக்கக்கூடாது. ஒரு பெண் பிள்ளைக்கு எண்ணிப் பார்த்தால் ஐந்து பொருளுக்கும் 2, 2, 2, 2, 2. சமத்தாக எல்லாம் பிடிக்கிறதோ என்று நினைத்தேன். நோட்டில் எந்தப் பக்கம் வைத்தேன் என்பதையும் எழுதியிருந்ததால் பிடிபட்டது: பத்துத் தடவையும் வலது பக்கம் இருந்ததைத்தான் எடுத்திருக்கிறாள். சாக்கில் அவள் கோணலாக உட்கார்ந்திருந்தாள், வலது கைக்கு அதுதான் எட்டியது. நேராக உட்கார வைத்து, பொருளைக் கை எட்டும் தூரத்தில் பக்கத்துக்கு ஒன்றாக வைத்து மறுபடி பார்த்தபோது மாவுக்கு நாலுக்கு நாலு.

மூன்று வயசு ஆகாத பிள்ளைகள் ஆறாவது ஜோடியிலேயே "போதும் டீச்சர்" என்று எழுந்து போய்விடும். அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது, 1996-இல் டிலியோனும் இவாட்டாவும் எழுதியது. ஐந்தையும் வரிசையாக வைத்துவிட வேண்டும். ஒன்றை எடுத்து விளையாடியதும் அதை ஒளித்துவிட்டு, மீதி நாலையும் இடம் மாற்றி வைத்து மறுபடி எடுக்கச் சொல்ல வேண்டும். மூன்று நிமிசத்தில் முடிந்துவிடும். மூன்று நாள் செய்தால் எது முதலில் போகிறது, எது கடைசி வரை கிடக்கிறது என்று தெரிந்துவிடும். ஜூன் மாதம் புதிதாகச் சேர்ந்து அழுதுகொண்டிருக்கிற பிள்ளையிடம் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அது கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளும். அதை விருப்பம் என்று எழுதினால் என் 'மிகுந்த ஆர்வம்' மாதிரிதான். மூன்று நாலு வாரம் போகட்டும்.

படத்தைக் காட்டிக் கேட்கலாமே என்று பக்கத்து மையத்து டீச்சர் சொன்னார். செய்து பார்த்தேன். பந்துப் படத்தைத் தொட்ட பிள்ளை, பந்தைக் கொடுத்ததும் தள்ளிவிட்டுப் படத்தைக் கேட்டது. நிஜப் பொருள்தான் நல்லது.

இது பாதி வேலை. மீதிப் பாதி, கூட்டத்துக்குள் பார்ப்பது. காலையில் சும்மா விளையாட விடுகிற ஒரு மணி நேரத்தில், ஐந்து நிமிசத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி, யார் எந்தப் பாயில் என்று ஒரே ஓட்டமாக எழுத வேண்டும். கட்டைக்கு 'க', சொப்புக்கு 'சொ', சும்மா நின்றால் ஒரு புள்ளி. முதல் நாள் போனில் அலாரம் வைத்தேன். அது அடித்ததும் 22 பேரும் போனுக்கு ஓடி வந்தார்கள். அதற்குப் பிறகு ஆயாம்மாதான் காய் நறுக்கிக்கொண்டே, "டீச்சர், அஞ்சு நிமிசம்!" என்று குரல் கொடுப்பார்கள்.

ஒரு வாரம் எழுதிவிட்டு, சாக்கில் எழுதிய நோட்டையும் இந்த நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 22 பேரில் 9 பேருக்கு இரண்டும் ஒத்துப்போகவில்லை. தனியாக வைத்தால் புத்தகத்துக்கு நாலுக்கு நாலு கொடுத்த பையன், ஒரு வாரத்தில் ஒரு தடவைகூடப் புத்தகப் பாய்க்குப் போகவில்லை. முதலில் ஏதோ ஒரு நோட்டு தப்பு என்றுதான் நினைத்தேன். இரண்டும் சரிதான். புத்தகப் பாயில் தினமும் உட்காருகிறவன் ஒரு கிள்ளிக்காரன். பாயை இரண்டாகப் பிரித்து, நாலு புத்தகத்தை எதிர்ச் சுவரோரம் போட்டேன். அன்றைக்கே போய் உட்கார்ந்துவிட்டான். இப்போதெல்லாம் எனக்கு அந்தந்த நோட்டைவிட, இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் முக்கியம். பிள்ளைக்கும் அதற்குப் பிடித்த பொருளுக்கும் நடுவில் யார் நிற்கிறார்கள் என்று அது காட்டிக் கொடுத்துவிடும்.

குதிரை விசயம் இதற்குத் தலைகீழ். எங்களிடம் ஒரே ஒரு ஆடுகிற பிளாஸ்டிக் குதிரை. அதற்காக நடக்காத சண்டை இல்லை. எல்லாருக்கும் உயிர் அதுதான் என்று நினைத்திருந்தேன். அதையும் ஸ்டோர் வாசலுக்கு இழுத்து வந்து, ஒவ்வொருவராகத் தனியே ஏற்றிப் பார்த்தேன். ஆறு பேர் ஏறி, நாலு ஆட்டு ஆடி, திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் யாரும் வரிசையில் நிற்கவில்லை. இறங்கிவிட்டார்கள். இரண்டே பேர்தான் இறங்கவே மாட்டேன் என்றவர்கள். அந்த இரண்டு பேரும் கூட்டத்தில் தள்ளுமுள்ளுக்குப் பயந்து குதிரைப் பக்கமே வராதவர்கள். காலையில் மற்றவர்கள் வருகிறதற்கு முன்னால் பத்து நிமிசம் அவர்களுக்கு என்று வைத்தேன்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். வாரத்தில் மூன்று நாள் முட்டை. ஒரு பெண் பிள்ளை தட்டை நீட்டும்போதே "முட்டை வேண்டாம்" என்று சொல்லிவிடுவாள். நானும் 'முட்டை பிடிக்காது' என்று எழுதி வைத்துவிட்டேன். அவள் அப்பத்தாவிடம் சொன்னபோது அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "யாத்தி, வீட்ல ரெண்டு முட்டை முழுங்குவாளே!"

பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று பார்த்தேன். "மஞ்சக்கரு நாறும்" என்று முட்டை நாளில் எல்லாம் மூக்கைப் பிடிக்கிற ஒருத்தன். இவள் அவனைப் பார்த்து மூக்கைப் பிடிப்பாள். லீஆன் பர்ச் என்ற அம்மா 1980-இலேயே இதை ஒரு மழலையர் பள்ளியில் காட்டியிருக்கிறார். ஒரு காய் பிடித்த பிள்ளையை, வேறு காய் பிடித்த பிள்ளைகளோடு ஒரே மேசையில் உட்கார வைத்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. நாலு நாளைக்குள், இப்படி ஒற்றையாக உட்கார வைத்த பிள்ளைகளில் பல பேர், கூட இருந்தவர்கள் எடுத்ததை எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஜெர்மனியில் 2011-இல் ஹவுனும் டோமசெல்லோவும் நாலு வயசுப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தது இன்னும் வேடிக்கை. கூட இருக்கிற மூன்று பேர் தப்பான பதில் சொன்னால், சரியான பதில் கண் முன்னால் இருந்தும் நிறையப் பிள்ளைகள் தப்பையே சொன்னார்கள். மற்றவர்களுக்குத் தெரியாமல் பதில் சொல்ல விட்டபோது அது குறைந்துவிட்டது. எங்கள் "எனக்கூ!"வும் இதுவும் ஒன்றுதான் என்று தோன்றியது.

இவளை முட்டைக்கு உயிரை விடுகிற இரண்டு பேருக்கு நடுவில் உட்கார வைத்தேன். "சாப்பிடு, நல்லது" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாவது முட்டை நாளில் வெள்ளைக் கருவைக் கிள்ளி வாயில் போட்டாள். இரண்டாவது வாரம் மஞ்சள் கருவைச் சோற்றில் உதிர்த்துப் பிசைந்து சாப்பிட்டாள்.

அந்தப் பையனையும் சோதித்தேன். ஆயாம்மா அவனை அடுப்படிக்குள் கூட்டிப் போய், யாரும் இல்லாதபோது ஒரு முட்டையை உரித்துக் கொடுத்தார்கள். வாங்கி, முகர்ந்து, மறுபடி ஆயாம்மா கையிலேயே வைத்துவிட்டான். இன்னும் இரண்டு தடவை வேறு வேறு நாளில் பார்த்தோம், அதேதான். ஒரே பந்தியில் இரண்டு 'வேண்டாம்'. ஒன்று சொந்தம், ஒன்று இரவல். அவன் சொந்தத்தை இப்போதைக்கு விட்டுவிட்டேன். முட்டை நாளில் முட்டை தட்டில் வரும். வேண்டும் என்றால் எடுத்துக்கொள்வான். அவன் அம்மாவிடம் பயறும் கடலையும் கூடுதலாகக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒருத்தி மட்டும் என் இரண்டு நோட்டிலும் அகப்படவில்லை. வாய் திறக்காத பிள்ளை. சாக்கில் உட்கார வைத்தால் இரண்டு பொருளையும் பார்த்துக்கொண்டே இருப்பாள். கை மடியைவிட்டு வராது. 'எடுக்கவில்லை', பத்துக்குப் பத்து. விளையாட்டு நேரத்தில் பெயருக்கு நேராக வரிசையாகப் புள்ளி. அண்ணன் மகளிடம் போனில் சொன்னேன். "புள்ளி எல்லாம் ஒரே புள்ளி இல்ல அத்தை. வேடிக்கை பாக்குறதும் ஒரு விளையாட்டு வகைதான்னு 1932-லயே மில்ட்ரெட் பார்ட்டன் பட்டியல்ல சேத்துட்டாங்க. அவ எதைப் பாத்துட்டு நிக்குறான்னு எழுதுங்க" என்றாள்.

புள்ளிக்குப் பதில் பார்வையை எழுத ஆரம்பித்தேன். கட்டையைப் பார்க்கவில்லை, சொப்பைப் பார்க்கவில்லை. பன்னிரண்டு குறிப்பில் ஒன்பதில் 'அடுப்படி' என்று இருந்தது. பசிக்கிறதோ என்று சத்துமாவு உருண்டை கொடுத்துப் பார்த்தேன். தின்றுவிட்டு மறுபடி அங்கேயே பார்த்தாள். அன்றைக்கு ஆயாம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர்கள் வெங்காயம் உரித்துக்கொண்டே, தலையைக்கூடத் தூக்காமல் சொன்னார்கள்: "அவளா? அவளுக்கு டம்ளர்ல டீச்சர். நான் கழுவிக் கவுத்துறப்ப எல்லாம் வாசப்படியில வந்து நிப்பா. ஒண்ணு மேல ஒண்ணு உக்கார்ற சத்தம் கேட்டாச் சிரிப்பா."

"இதை ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

மூன்று வாரமாக நான் நோட்டும் பேனாவுமாகத் தேடியது இவர்களுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கிறது. இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதுகிறதற்கு முன்னால் ஆயாம்மாவிடம் ஒரு நடை கேட்டுவிடுகிறேன். என் ஐந்து பொருள் பட்டியலையும் மாற்றினேன். கடையில் வாங்கியது மூன்று, இங்கே புழங்குகிறது இரண்டு. அந்தப் பட்டியலே நான் நினைத்த ஐந்துதானே. அதற்குள் இல்லாத ஒன்று பிடித்த பிள்ளையை அது எப்படிப் பிடிக்கும்?

மறுநாள் 14 எவர்சில்வர் டம்ளரை ஒரு கூடையில் போட்டு வாசப்படியில் வைத்தோம். அவள் வந்தாள், நின்றாள், உட்கார்ந்தாள். ஒன்றை எடுத்து ஒன்றுக்குள் விட்டாள். டிங். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அரை மணி நேரம் அடுக்கினாள், பிரித்தாள், நெளிந்த டம்ளர் இரண்டைத் தனியாகத் தள்ளி வைத்தாள். அந்த நாளில் அவள் பெயருக்கு நேராக ஒரு புள்ளிகூட இல்லை.

ஒரு வாரம் கழித்து, வாட்ச்மேன் பேரன் ஜன்னலைவிட்டு எழுந்து வந்து அவள் பக்கத்தில் குந்தினான். அவள் அடுக்கை நிறுத்தினாள். பிடுங்கப் போகிறான், இவள் அழப் போகிறாள் என்று நான் எழுந்துவிட்டேன். அவள் எண்ணி ஆறு டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள். "ஒனக்கு இது. எனக்கு இது." என் மையத்தில் நான் கேட்ட அவளுடைய முதல் முழு வாக்கியம்.

அடுத்த நாள் வாசப்படியில் நாலு பேர். அதற்கு அடுத்த நாள் ஒன்பது பேர். "யாருக்கு டம்ளர் வேணும்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "எனக்கூ!"

உள்ளேயிருந்து ஆயாம்மா குரல்: "அதெல்லாம் சரி டீச்சர், மத்தியானம் பிள்ளைகளுக்குத் தண்ணிய எதுல ஊத்த?"